உஸ்தா ஷவ்கியின் காதும் இன்ஷிராஹின் இரண்டு பெட்டிகளும்

"அலெக்சாந்திரியாவோட ஒரு கோடி ராஸ் எத்தீன்ல இருந்து மறு கோடி மொந்தஸா வரைக்கும் எந்த ஸ்பீக்கரும் எங்கிட்ட பொய் சொல்ல முடியாது. கண்ண மூடிட்டுக் கேப்பேன், எது போச்சுன்னு சொல்லிடுவேன். இதுவரைக்கும் யாரையும் கேட்டதில்ல, இனிமேலும் கேக்கப் போறதில்ல. மீட்டருங்கிறது செவிடனோட கைத்தடி."

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இன்ஷிராஹின் காபிக்கடையில் நாற்காலி மேல் ஏறி நின்று, ரேடியோ, ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் உஸ்தா ஷவ்கி சொன்ன வார்த்தைகள் இவை; உஸ்தா என்றால் எங்கள் ஊரில் கைதேர்ந்த தொழிலாளி. தரையில் நின்று சொல்லியிருந்தால் தாவ்லா பலகையில் பகடை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் நாற்காலி தேவைப்பட்டது.

சொல்லும் தகுதி அன்று அவருக்கு இருந்தது, மறைப்பதற்கில்லை. ஊரைவிட்டுக் கப்பலேறிய ஒரு கிரேக்கரிடமிருந்து இன்ஷிராஹின் கணவர் வாங்கி வைத்துவிட்டுப் போன ஜெர்மன் ஸ்பீக்கர்கள் இரண்டு, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வியாழக்கிழமை மாலைகளில் பழைய கச்சேரி நாடாக்களைக் கேட்க எங்கள் அத்தாரீன் பேட்டை முழுவதும் அங்கேதான் கூடும். அந்த வருடம் பாட்டு மங்கிப்போனது. பாடுகிறவர் ரஜாய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்ட மாதிரி. ஷவ்கி வந்தார், கண்ணை மூடினார், ஒரு தேநீர் ஆறும் நேரம் அப்படியே நின்றார். "இடது பெட்டி, ரெண்டாவது கண்டன்சர். வலது பெட்டில ரெண்டுமே" என்றார். திறந்து பார்த்தால் அப்படியே இருந்தது.

பெட்டிக்குள் பெரிய கூம்பு ஒன்று, சின்னது ஒன்று. தடித்த ஒலியைப் பெரியதற்கும் மெல்லியதைச் சின்னதற்கும் பிரித்து அனுப்ப நடுவில் ஒரு பலகை, கிராஸ்ஓவர் என்பார்கள். அதிலிருக்கும் கண்டன்சர்கள் வயதானால் உள்ளே வறண்டுபோகும். அப்புறம் சின்னக் கூம்பு, தபால்காரன் படுத்துவிட்ட தெரு மாதிரி, வராத கடிதத்துக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வறண்டதை எடுத்துவிட்டு அதே அளவில் புதியதைப் பற்றவைத்தால் போதும். அதே அளவில் என்பதுதான் முக்கியம்; பெரிதாக வைத்தால் தாங்காத ஒலி பாய்ந்து சின்னக் கூம்பு கருகிவிடும். ஷவ்கி அன்று அதே அளவில்தான் வைத்தார். பாட்டு ரஜாயைவிட்டு வெளியே வந்தது. நாங்கள் அழுதோம், ஓய்வுபெற்ற ட்ராம் கண்டக்டர் ஹில்மிகூட அழுதான். டிக்கெட் இல்லாதவனைக் கடற்கரையில் நடு வெயிலில் இறக்கிவிட்டபோதெல்லாம் அழாதவன் அவன்.

பிறகு உஸ்தாவுக்கு அறுபத்தாறு வயது ஆனது. அதே வருடம், என்ன விந்தையோ, அலெக்சாந்திரியாவின் எல்லா ஸ்பீக்கர்களும் ஒரேயடியாக மங்கிப்போயின.

இப்படிச் சொன்னவர் அவர்தான். மற்றவர்களுக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது. உஸ்தா ஆராய்ந்தார், கடல் காற்றின் உப்பு கூடிவிட்டதே காரணம் என்று கண்டுபிடித்தார். இவ்வளவு பெரிய கேட்டுக்கு அதே அளவு கண்டன்சர் எந்த மூலைக்கு? பெரிதாகப் போட்டார். சின்னக் கூம்பு அத்துமீறாதபடி அடக்கி வைக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கும்; அதையும் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டார். அத்தாரீனில் பாட்டுகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட ஆரம்பித்தன. முடிதிருத்தும் கடையின் கேனரி பாடுவதை நிறுத்தியது. பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள், உள்ளே போய்விட்டால் தேவலை என்று முண்டியடித்தார்கள்.

யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் வசித்ததில்லை. இங்கே ஒருவர் வேலையை முடித்து நிமிர்ந்தால், "கை நலமா இருக்கட்டும்" என்று சொல்லியாக வேண்டும். பூசிய சுவர் அப்போதே இடிந்து விழுந்தாலும் தூசியைத் துடைத்துக்கொண்டு அதைச் சொல்லியாக வேண்டும். வேலை எப்படி என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு. பெரும்பாலும் அது வருவதே இல்லை. இப்படி நாலு வருடத்தில் அவருடைய கைக்கு நாங்கள் சொன்ன நலத்தில் ஒரு பங்கு காதுக்குப் போயிருந்தாலும் பிழைத்திருக்கும்.

கடைசியில் அவர் இன்ஷிராஹின் பெட்டிகளுக்கு வந்து சேர்ந்தார். "மேகம் மூடியிருக்கு ஹாஜ்ஜா" என்றார், வயதான பெண்களை நாங்கள் மரியாதையாக அழைக்கும் பெயரில். அவள் பயந்துபோனாள். எதிர்ச் சாரியில் புதிய காபிக்கடை. அங்கே சுவரளவு திரையில் கால்பந்து. வாரத்தில் ஆறு நாள் கூட்டம் அங்கேதான். இவளுக்கு மிஞ்சியது வியாழன் ஒன்று. அந்தச் சின்னக் கூம்புகளைச் செய்த கம்பெனியே இப்போது கிடையாது, போனால் போனதுதான். "என் வியாழக்கிழமை அந்த மனுஷன் கையில மாட்டிக்கிச்சு. யாராவது போய்ச் சொல்லுங்களேன்" என்று எங்களிடம் கெஞ்சினாள்.

ஹில்மி போனான். முப்பது வருடம் மூஞ்சிக்கு நேரே பேசிய ஆள் அவன் ஒருவன்தான். ஒரு மணி நேரம் கழித்து வந்தான்.

"சொன்னியா?"

"போனதும் சொல்லணும்னுதான் இருந்தேன். ஒரு ரேடியோவைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருந்தான். அப்பத்தான் முடிச்சான் போல, நிமிர்ந்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கை நலமா இருக்கட்டும்னேன். டீ குடுத்தான்."

முதல் வியாழன், பெட்டிகள் கண்டன்சர் மாறி வந்தன. பாடகியின் ஒவ்வொரு 'ஸ'வும் கண்ணாடி மேல் ஆணி. எதிரிலிருந்த மருந்துக்கடையில் பஞ்சு தீர்ந்துபோனது. உஸ்தா எப்போதும் பெட்டிகளைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி, கண்ணை மூடி உட்காருவார். அதனால் நாற்பது ஜோடிக் காதுகளில் இருந்த பஞ்சை அவர் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் இன்ஷிராஹ் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"உஸ்தா, கொஞ்சம்... கூர்மையா இருக்கோ?"

"இருபது வருஷமா அடைச்சுக் கிடந்த ஜன்னல் ஹாஜ்ஜா. தொறந்தா மொதல்ல கண்ணு கூசத்தான் செய்யும். இன்னும் பாதிதான் தொறந்திருக்கேன்."

இன்ஷிராஹ் வாயைத் திறந்தாள். வந்தது, கை நலமா இருக்கட்டும்.

இரண்டாவது வியாழன், ரெசிஸ்டர்களும் இழுப்பறைக்குப் போயிருந்தன. பாதிப் பாட்டில் பத்துப் பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள்; மரியாதைக்காக, ஒவ்வொருவராக, சிறுநீர் கழிக்கப் போவது போல. உஸ்தா தலையை ஆட்டினார்: இன்னும் மேகம்.

மூன்றாவது வியாழன், முன்னதைவிட இருமடங்கு கண்டன்சரோடு வந்தார். சவுண்டையும் அவரே கூட்டினார். நாங்கள் முப்பது பேர் பஞ்சோடு உட்கார்ந்திருந்தோம். பாடகி இரண்டாவது சரணத்தில் மேலே ஏறினாள். ஏறி உச்சியில் நின்றாள். அப்போது காகிதம் கருகும் வாசனை லேசாக வந்தது. இடது பெட்டியிலிருந்து ஒரு 'டிக்'. கொஞ்ச நேரம் கழித்து வலதிலிருந்து ஒன்று.

அதன்பின் பாடகி மறுபடி ரஜாய்க்குள் போய்விட்டாள். கனத்த, கம்மிய குரல் மட்டும், பக்கத்து வீட்டிலிருந்து வருவது மாதிரி. ஆனால் வலி இல்லை. முதலில் ஹில்மி பஞ்சை எடுத்தான். பிறகு எல்லோரும் எடுத்தோம், தேநீர்த் தட்டுகளில் வைத்தோம். ஒருவன் ஷீஷாப் புகையை இழுத்துவிட்டு, "அல்லாவே" என்று பெருமூச்சு விட்டான். இன்ஷிராஹ் மட்டும் கல்லாவுக்குப் பின்னால், சர்க்கரைக் கரண்டி கையிலிருக்க, இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உஸ்தாவின் தலை முன்போலவே தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. எதுவுமே மாறாதது மாதிரி. "கொஞ்சம் தேவலை" என்று கண்ணை மூடியபடியே சொன்னார். "ஆனா மேகம் போகல. அடுத்த வாரம் இன்னும் பெருசா ஒண்ணு..."

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கண் திறந்ததை நாங்கள் பார்த்ததில்லை. அன்று திறந்தார், திரும்பினார். முப்பது தட்டுகளில் அறுபது பஞ்சு உருண்டைகள்.

"கை நலமா இருக்கட்டும் உஸ்தா" என்றான் ஹில்மி, பழக்கத்தில்.

ஷவ்கி அவனுடைய தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினார். கூம்புகளின் பக்கமும் போகவில்லை, திருப்புளியையும் எடுக்கவில்லை. மேசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து கல்லா வரைக்கும் வந்தார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், அதாவது எங்கள் எல்லோருக்கும் நன்றாகவே கேட்ட குரலில், கேட்டார்:

"எது போச்சு ஹாஜ்ஜா?"

இன்ஷிராஹ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பெட்டிலயும் சின்னது, உஸ்தா."

"எப்போ?"

"இப்பத்தான். ரெண்டாவது சரணத்துல."

அவர் தலையசைத்தார்.