நறுக்கியவருக்கு முதல் பங்கு

மகன் கவின் ஒரு துண்டு இட்லியை வாயில் அதக்கிக்கொண்டு, விழுங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்த சனிக்கிழமைக் காலையில்தான் செய்தி வந்தது. நம் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் தமிழாசிரியர் பாண்டியன் ஐயாவின் குரல். "நம்ம ஸ்டெல்லா டீச்சர் தவறிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரல." இரண்டு முறை கேட்டேன். முந்தின நாள் மதியம்தான் டீச்சர் என்னிடம், "திங்கக்கிழமை நீ மாங்கா கொண்டாந்துரு தாயி, நல்ல புளிப்பா" என்று சொல்லியிருந்தார்.

டீச்சரின் நினைவு மலருக்கு எல்லோரும் எழுதி முடித்த பிறகு எழுதுகிறேன். அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அந்த மதியச் சாப்பாட்டு மேசைதான்.

நம் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு காயோ பழமோ முழுசாகக் கொண்டுவர வேண்டும் என்ற வழக்கம் அவர் ஏற்படுத்தியது. வெள்ளரிக்காய், கேரட், முள்ளங்கி, கொய்யா, முளைவிட்ட பாசிப்பயறு, எது கிடைக்கிறதோ அது. மதிய மணி அடித்த பிறகுதான் கத்தியை எடுப்பார். நான் புதிதாகச் சேர்ந்தபோது காலையிலேயே நறுக்கி டப்பாவில் போட்டுக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து பார்த்தார். "வெள்ளரிக்கா இப்பிடி அழுதுக்கிட்டுக் கெடக்கே, என்ன செஞ்ச அத?" உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு வெந்நீரில் இன்னொரு முறை அலசியதைச் சொன்னேன். கிருமி பயம் எனக்கு. "நல்ல தண்ணியில ஒருக்கா தேச்சுக் கழுவு. போதும். அதுக்கு மேல கழுவுனா உன் பயந்தான் போகணும், காயில ஒண்ணும் மிச்சமிருக்காது" என்றார். அறையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

பாண்டியன் ஐயா அவரைச் சீண்டாத நாளில்லை. "ஏன் டீச்சர், திண்டுக்கல்லுல பொறந்துட்டு, பிரியாணிக் கடைக்குப் போற ஆட்டோட தழைய இப்பிடிப் பிடுங்கித் திங்கலாமா? ஆடு பாவமில்லையா?"

"நேத்து நீங்க தின்ன ஆடு உள்ள பசியோட நிக்கும்ல சார்? அதுக்குத்தான் இது. பேசாம வாயத் தெறங்க."

ஐயாவும் வாயைத் திறந்தார். மழை நாளில் காய் சரியாகக் கிடைக்காவிட்டால் அவலை அலசிப் பிழிந்து, தயிரும் துருவிய வெள்ளரியும் மாதுளையும் போட்டுப் பிசைவார். அதற்கு ஐயாதான் முதலில் தட்டை நீட்டுவார்.

எலுமிச்சையும் மிளகும் கொத்தமல்லியும் போட்டுப் புரட்டியதும், உப்புப் போடும் முன்னால், தன் பங்கைத் தன் டப்பா மூடியில் எடுத்துக்கொள்வது டீச்சரின் பழக்கம். பிறகுதான் உப்பு. "முதல் பங்கு மகாராணிக்கு" என்று கேலி செய்வோம். நானும்தான். "நறுக்குனவளுக்குத்தான் முதப் பங்கு. இது எங்க ஊரு சட்டம்" என்பார். எந்த ஊர் என்று கேட்டால், "நான் இருக்குற ஊரு." உப்பு ஏன் கடைசியில் என்று கேட்டால், "முன்னாடியே போட்டா காய் தண்ணி விட்டுரும்ல?" என்பார். அது உண்மை என்பதால் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

கவின் காய் என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வான். நாலு வயதுக்குரிய எடை இல்லை. எல்.கே.ஜி. மிஸ் கூப்பிட்டுச் சொன்ன நாளில் அந்தச் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்து அழுதுவிட்டேன். டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. "அவன் சாப்புடறப்ப நீ என்ன செய்வ?" என்று கேட்டார். பக்கத்திலேயே நிற்பேன், விழுங்குகிறானா என்று பார்ப்பேன் என்றேன்.

"போலீஸ்காரி மாதிரி நின்னா எவனுக்குத் தொண்டையில எறங்கும்? நீ எப்ப திங்கிற?"

"அவன் மிச்சம் வைக்கிறத, நின்னுக்கிட்டே..."

"சரியாப்போச்சு. திங்கிறது ஏதோ தண்டனை போலருக்குன்னு அவன் நெனச்சிருப்பான். நீ உக்காந்து ஆசையாத் தின்னு. அவன் மூஞ்சியப் பாக்காத. அடுத்த ஞாயித்துக்கெழமை நான் வாரேன். அவனும் நானும் நறுக்குறோம். மழுங்குன கத்தியா ஒண்ணு வாங்கி வை."

வாங்கி வைத்தேன். அந்த ஞாயிறு அவர் வரவில்லை. "கொஞ்சம் வேலை வந்துருச்சு தாயி." அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த வாரம், "உன் வீடு எத்தனாவது மாடி? லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டார். மூன்றாவது, லிஃப்ட் இல்லை என்றேன். "அதுக்கென்ன, வாரேன்" என்றார். அவர் ஏன் அதைக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் நான். வெள்ளரிக்காயின் தோலில் கிருமியைத் தேடியவள். என் எதிரே உட்கார்ந்திருந்தவர் மாடிக்குப் பயப்படுவதை மட்டும் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து நாங்கள் சிலர் வீட்டுக்குப் போனோம். டீச்சரின் கணவர் லாரன்ஸ் அண்ணன்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிப் பல வருசமாச்சும்மா. இதயம் வீங்கியிருந்துச்சு. வீட்ல தனியாத் திங்கச் சொன்னா மூஞ்சியச் சுளிப்பா. நோயாளிச் சாப்பாடுன்னு சொன்னா எவளும் கூட உக்கார மாட்டா, அதான் பள்ளிக்கூடத்துல எல்லாரையும் திங்க வச்சிட்டேன்னு சொல்லிச் சிரிப்பா. உங்ககூட இருக்கும்போதுதான் அது சாப்பாடு மாதிரி இருக்குன்னு சொல்லுவா."

பாண்டியன் ஐயா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மகாராணி என்று அழைத்த நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மழுங்கிய கத்தியை எடுத்துக் கவினிடம் கொடுத்தேன். வெள்ளரிக்காயை அவன் நறுக்கினான் என்று சொல்ல முடியாது, நசுக்கினான். நான் கேரட்டும் தேங்காயும் துருவிச் சேர்த்தேன். எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவிப் புரட்டி, உப்புப் போடும் முன்னால் என் பங்கை ஒரு டப்பா மூடியில் எடுத்துக்கொண்டேன். தரையில் உட்கார்ந்து ஒரு வாய் போட்டேன்.

சப்பென்று இருந்தது. எலுமிச்சை இருந்தும், மிளகு இருந்தும், சப்பென்றுதான் இருந்தது. இதைத் தின்றுகொண்டுதான் நமக்கெல்லாம் பதிலுக்குப் பதில் கொடுத்துச் சிரித்திருக்கிறார். மூடியைக் கீழே வைத்தேன்.

கவின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. மூடியையே பார்த்தபடி அடுத்த வாயை எடுத்து, சத்தம் வர மென்றேன்.

"நல்லாருக்காம்மா?"

"ம்ம்" என்றேன், டீச்சர் மாதிரியே தலையை ஆட்டி.

கையை நீட்டினான். அவன் பங்கில் மட்டும் உப்பைத் தூவிக் கொடுத்தேன். நான்கு துண்டு தின்றான், ஐந்தாவதை வைத்துவிட்டான். எழுந்து போய் அவன் வாயருகே நிற்கத் துடித்த கால்களை மடக்கிக்கொண்டு, என் பங்கைக் கடைசி வரை ஆசையோடு தின்று முடித்தேன். டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த உப்பில்லாத முதல் பங்குதான். இனி நறுக்குகிற நாளெல்லாம் அதை எடுத்துக்கொள்வேன்.