கடைசி இருக்கை வரை

எடுத்த பொருளை அதன் இடத்தில் சேர்க்கும் வரை ஓயாத பொறுப்பு, அறங்களுள் ஒதுங்கி நிற்கும் அறம். கொடைக்குள்ள புகழ் அதற்கு இல்லை. வீரத்துக்குள்ள பாட்டும் அதற்கு இல்லை. ஆயினும் அது இல்லாத ஊரில் நூலகம் நிலைப்பதில்லை. பள்ளிப் பேருந்தும் ஓடுவதில்லை. வின்னிபெக் நகரத்துச் சட்டக் கல்லூரி ஒன்றில் அந்த அறம், ஹலினா போய்ச்சுக் என்னும் பெயர் தாங்கி, முழங்கால் உயரப் பனிக்காலணி அணிந்து நடமாடிக்கொண்டிருந்தது.

ஹலினா நாற்பத்து மூன்று வயதில் சட்டம் படிக்க வந்தவள். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள். அந்தத் தொழிலில் பேருந்தை நிறுத்தியதும் இறங்கிப் போய்விட இயலாது. ஓட்டுநர் கடைசி இருக்கை வரை நடந்து, ஒவ்வோர் இருக்கையின் அடியிலும் குனிந்து பார்த்து, உறங்கிப்போன பிள்ளை எதுவும் இல்லை என்று தெளிந்த பின்னரே கதவைப் பூட்ட வேண்டும். அந்த நடை அவள் கால்களில் தங்கிவிட்டது. நூலகத்தில் ஒரு நூல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால், அடுக்கின் கடைசி வரை நடந்து, கீழ்த்தட்டையும் குனிந்து பார்த்த பிறகே திரும்புவாள்.

அவள் ஆய்வு உதவியாளராக இருந்தது பேராசிரியர் யூவர்ட் மெக்காராவிடம். வயல்வெளியில் உருகும் பனிநீர் யார் நிலத்தின் வழியே ஓடலாம், யார் அதைத் தடுக்கலாம் என்னும் வழக்குகளிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர் அவர். அவர் பெயரில் நூல் எடுக்கும் பதிலாள் அட்டை ஒன்று ஹலினாவின் கழுத்தில் எப்போதும் தொங்கும். அவர் எழுதி முடித்த புத்தகம் அந்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள். ஒவ்வொரு மேற்கோளையும் மூல நூலில் பார்த்துச் சரி என்று எழுதித் தருவது அவள் வேலை. ஒன்றைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டன.

எஞ்சிய அந்த ஒன்று அவளுக்கு வெறும் எண் அன்று. அது தாங்கி நின்ற பத்தி, அவளே எழுதியது. பேராசிரியர் ஒரு சொல்லையும் மாற்றாமல் அதைத் தம் நூலில் வைத்திருந்தார். அவள் சொற்கள் அச்சேறுவது அதுவே முதல்முறை. நூறாண்டுக்கு முன் கிராமத்து நீதிபதி ஒருவர் எழுதிய வடிகால் நூலிலிருந்து, பழைய தீர்ப்பொன்று எடுத்தாண்ட வரிகள் அதில் இருந்தன. தீர்ப்பை மட்டும் நம்பினால் போதாது. மூல நூலையே பார்த்தாக வேண்டும். பாராவிட்டால் அந்தப் பத்தியை நீக்கிவிட வேண்டும். அந்த நூலை வேற்றூரிலிருந்து வரவழைக்க மூன்று வாரம் ஆகும். இந்த நூலகத்தில் இருந்ததோ ஒரே ஒரு பிரதி, பச்சை அட்டையுடையது.

திங்கட்கிழமை காலை, தன் மாணவர் அட்டையை நீட்டி அந்த நூலைக் கேட்டாள். நூல் வழங்குமிடத்தில் இருந்தவள் கொலெட் லவாலி. ஹலினாவோடு தினமும் ஒரே மேசையில் உண்பவள். ஆனால் வேலையென்று வந்துவிட்டால் கல்.

"வெளியில போயிருக்கு," என்றாள் கொலெட்.

"யாருகிட்ட?"

"சொல்லக்கூடாது. சட்டம் படிக்கிறவ, உனக்குத் தெரியாதா?"

"எடுத்து எத்தனை நாளாச்சு, அதையாவது சொல்லேன்."

"ஆறு வருஷம்."

"ஆறு வருஷமா? அந்த ஆள் என்ன, புத்தகத்து மேல உக்காந்து அடைகாக்கிறானா?"

கொலெட்டுக்கு ஏனோ இருமல் வந்தது. "திருப்பித் தரச் சொல்லி நோட்டீஸ் அனுப்பட்டுமா? மூணு நாள்ல தந்தாகணும்."

"அனுப்பு. கொஞ்சம் காரமாவே அனுப்பு."

புதன்கிழமை பேராசிரியர் தம் அறைக்கு அழைத்தார். ஹலினா தன் வழக்கமான நாற்காலியில் அமர்ந்தாள்.

"யாரோ என் புத்தகத்து மேல கண்ணு வச்சிட்டாங்க, ஹலினா. திருப்பித் தரணுமாம்."

"எந்தப் புத்தகம், புரொபசர்?"

"யாருக்குத் தெரியும்? நூலகத்து மெயில்னாலே நான் தலைப்போட நிறுத்திடுவேன். அழிச்சாச்சு. எனக்கு அவசியம் வேணும்னு நீங்க போய்ச் சொல்லிடுங்க."

"எதுன்னே தெரியாம அவசியமா?"

"என் பேர்ல இருந்தா அவசியம்தான்."

பேராசிரியருக்காக வாதாடுவது உதவியாளரின் கடமை. ஹலினா பதிலாள் அட்டையை எடுத்துக் கொலெட்டின் முன் வைத்தாள்.

"இன்னைக்கு நான் மெக்காராவோட ஆளா வந்திருக்கேன். அவர் புத்தகத்தை யாரோ கேக்கிறாங்களாம். தர முடியாது."

கொலெட் அவளை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். "நெஜமாவா? தர முடியாதா?"

"முடியாது. அந்த ஆளுக்கு அப்படி என்ன தலைபோற அவசரம்? வேற புத்தகம் பார்த்துக்கச் சொல்லு."

"சொல்லிப் பார்க்கலாம். கேட்டது ரொம்பப் பிடிவாதமான ஆளு. அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத."

"பிடிவாதக்காரங்களை எனக்குத் தெரியும். பதினாலு வருஷம் பஸ்ல ஏத்தி இறக்கியிருக்கேன்."

கொலெட் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது கண்களில் நீர் முட்டியிருந்தது.

"தாயே, இந்த அட்டையோட வந்தா அவர் பேர்ல இருக்கிற பட்டியலைப் பார்க்க உனக்கு உரிமை இருக்கு. பாரு." திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

தொண்ணூற்று நான்கு நூல்கள். அறுபத்தோராவது வரியில் அந்தக் கிராமத்து நீதிபதியின் பெயர் நின்றது. ஹலினா அதை இருமுறை படித்தாள்.

"திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமே."

"திங்கக்கிழமை நீ மாணவி. இன்னைக்குத்தான் அவரோட ஆளு."

"அப்போ எனக்கு நானேதான் தர முடியாதுன்னு சொன்னேனா?"

"ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை மரியாதையும் கொஞ்சம் கொறைஞ்சது."

பட்டியலை அச்சிட்டு வாங்கிக்கொண்டு ஹலினா பேராசிரியரிடம் திரும்பினாள்.

"சொல்லிட்டீங்களா? யாரு அந்தத் துணிஞ்ச ஆளு?" என்று அவர் கேட்டார்.

"நான்தான், புரொபசர்."

நடந்ததைக் கேட்டு அவர் கண்ணாடி கழன்று மடியில் விழும்படி சிரித்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்து முகம் வாடினார். "இந்த அறையை விட்டு எதையும் நான் வெளியே கொண்டு போனதில்ல. ஆனா அந்தப் பச்சைப் புத்தகத்தைப் பார்த்தே பல வருஷமாச்சே."

ஹலினா கதவருகிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு நூலாகத் தொட்டாள், பட்டியலில் குறியிட்டாள். அலமாரி முடிந்தது, சன்னல் விளிம்பு முடிந்தது, வெப்பக் குழாயின் மேல் குவிந்திருந்ததும் முடிந்தது. வியாழன் நண்பகலில் தொண்ணூற்று மூன்று நூல்கள் சுவரோரம் அணிவகுத்து நின்றன. பச்சை நூல் மட்டும் இல்லை.

"விட்டுடலாம், ஹலினா," என்றார் அவர் மெல்ல. "அடுத்த பதிப்புல அந்தப் பத்தியைச் சேர்த்துடறேன்."

"இருங்க. இன்னும் கடைசி இருக்கையைப் பார்க்கல."

அந்த அறையில் எஞ்சியிருந்த இருக்கை ஒன்றுதான்: செப்டம்பர் முதல் அவளே அமர்ந்துவந்த நாற்காலி. மண்டியிட்டுக் குனிந்தாள். அதன் பின்கால் ஒன்று குட்டை. அந்தக் குட்டைக் காலைத் தாங்கிக்கொண்டு, கம்பளத்தில் பாதி புதைந்து, பச்சை நூல் உறங்கிக்கொண்டிருந்தது.

"அடைகாத்தது நான்தான்," என்றாள் ஹலினா தரையிலிருந்தபடியே.

அட்டையில் காசளவு வட்டப் பள்ளம் விழுந்திருந்ததே தவிர, உள்ளே ஓர் ஏடும் கெடவில்லை. வரிகள் சொல்லுக்குச் சொல் பொருந்தின. பக்க எண் மட்டும் எண்பத்தாறு அன்று, எண்பத்தெட்டு. நெடுங்காலமாகத் தீர்ப்பில் கிடந்த பிழை. அதைத் திருத்தி, 'சரி' என்று எழுதினாள். பத்தி நிலைத்தது.

வெள்ளிக்கிழமை காலை, தொண்ணூற்று நான்கு நூல்களையும் தள்ளுவண்டியில் ஏற்றி, வழியெல்லாம் தலை எண்ணிக்கொண்டு, கொலெட்டின் முன் நிறுத்தினாள்.

"மறுபடி எடுக்கணும்னா?" என்றாள் கொலெட்.

"ஒண்ணொண்ணா வந்து எடுப்பேன். அவருக்கு வேணுங்கிறதை மட்டும்."

அறைக்குத் திரும்பி வந்து அமர்ந்தபோது நாற்காலி ஆடவில்லை. குட்டைக் காலின் கீழ் பேராசிரியர் தம்முடைய முதல் நூலை வைத்திருந்தார்.

"இதை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. ஆறு வருஷம் என்ன, அறுபது வருஷம் இருக்கும்," என்றார்.

அன்று மாலை வீட்டில் அவள் கணவன் தாராஸ் உருளைக்கிழங்கு அடைத்த பைரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தான். ஹலினா அந்தப் பத்தியை உரக்கப் படித்தாள். மூத்தவள் மார்த்தா பொறுமையாகக் கேட்டாள். இளையவள் சோயா, "இவ்வளவும் வாய்க்காலைப் பத்தியா?" என்று கேட்டுவிட்டு, மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

அந்த இல்லத்தில் அடுப்பு அணையாதிருக்கட்டும். வெளியே சென்ற ஒவ்வொருவரும், இருள் இறங்குமுன், எண்ணிக்கை குறையாமல் வீடு சேரட்டும். இரவலாக வந்தவை நலமாகத் திரும்பவும், உரிமையாக வந்தவை நெடிது நிலைக்கவும், எவ்வுயிரையும் விட்டுவிடாமல் எண்ணிக் காக்கும் இறைவன் அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை வரை குனிந்து பார்த்து அருள்வானாக.