புருஷோத்தமன் வாய் திறக்காத இரண்டாம் பாதி

திரையில் கதவு தட்டப்பட்டால், கதாநாயகிக்கு முன்பாகப் புருஷோத்தமன் குரல் கொடுத்துவிடுவார்: "யார்ரா அது, இந்த நேரத்துல?" பேய்ப் படத்தில் ஒருத்தி தனியாகப் பாழுங்கிணற்றுப் பக்கம் போனால், "போ போ, இன்சூரன்ஸ் கட்டிக்கினியா?" வேலையில்லாத நாயகன் அடுத்த காட்சியில் வெளிநாட்டில் ஆடினால், "பாஸ்போர்ட்டு எப்படா எடுத்த?" ஸ்ரீபெரும்புதூரில் ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வரும் ஷிஃப்ட் பையன்கள், டிக்கெட் வாங்கும் முன் "புருஷோ அண்ணன் எந்தப் பக்கம்?" என்று விசாரிப்பார்கள். படம் மொக்கையாக இருந்தால் அன்றைக்கு அவர்தான் படம்.

ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வண்டியை அடிக்கடி ரிவர்ஸ் எடுத்துப் பழகிய கழுத்து, தெருவில் நடக்கும்போதும் தானாகத் தோளுக்கு மேல் திரும்பும். "யார தேடுற?" என்று மனைவி காவேரி கேட்டால், "உங்கம்மா பின்னாடி வருதானு" என்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது. அதே கிடங்கில் பெட்டிகளை ஸ்கேன் செய்யும் வேலை எனக்கு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அவர் வாயில் என் பெயர் "டிகிரி". "இன்னா டிகிரி, துன்னியா?" என்பதுதான் தினமும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி.

ஒரு காலத்தில் கல்யாணம் ஆகாதவர்களுக்கு வீடு கிடைக்காது என்பார்கள். இந்தப் பக்கம் இப்போது தலைகீழ். கம்பெனிப் பையன்கள் எட்டுப் பேரை ஒரு வீட்டில் விட்டால் தலைக்கு இவ்வளவு என்று வாங்கலாம். குடும்பத்திடம் ஒரே வாடகைதான். நானும் அப்படி ஒரு தலை. எங்கள் அறையின் கூரையில் தூளி கட்டிய கொக்கி இருக்கிறது. அதில் நாங்கள் ஆறு பேரும் ஐடி கார்டுகளை மாட்டுகிறோம். அந்தத் தூளியில் ஆடிய குழந்தை இப்போது எங்கே தூங்குகிறது என்று எப்போதாவது தோன்றும். யோசித்து முடிப்பதற்குள் ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும்.

புருஷோத்தமன் குடியிருந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் வீடு தேடுவதே அவருக்கு இரண்டாவது வேலையானது. "வல்லக்கோட்டைல எங்கப்பன் வித்த நெலத்துல ரூம் ரூமா கட்டிக்கீறானுங்க. அங்கயே போய்க் கேட்டேன். ஃபேமிலிக்கு இல்லன்ட்டான்" என்று அதையும் வேடிக்கை போலவே சொன்னார். கடைசியில் முனிரத்தினம் என்ற புரோக்கர் மண்ணூரில் ஒரு வீடு பேசி முடித்தார்.

போன ஞாயிறு காலை பழைய வீட்டைக் காலி செய்தார்கள். மண்ணூர் வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் சாவி மாலையில்தான் கிடைக்கும். சாமான்களை ஒரு நண்பரின் மாட்டுக் கொட்டகையில் இறக்கிவிட்டு, அதுவரை எங்கே உட்காருவது என்று தெரியாமல், காவேரியையும் மகள் பிரவீனாவையும் தியேட்டருக்கு அழைத்து வந்தார். போன் செய்து என்னையும் வரச் சொன்னார். என்ன படம் என்று யாரும் பார்க்கவில்லை. வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பிள்ளைகளோடு பேருந்து நிலையத்தில் படுக்கும் ஒரு குடும்பத்தின் கதை.

முதல் பாதியில் அவர் வழக்கம்போலத்தான் இருந்தார். திரையில் வீட்டுக்காரன் பாத்திரங்களை வீதியில் எறிந்தபோது, "குக்கர மெல்ல வைடா, கைப்புடி ஒடஞ்சிடப் போவுது!" என்றார். தியேட்டர் சிரித்தது. அந்தக் குடும்பம் ஒரே பெட்டியோடு நடந்தபோது, "இவ்ளோதான் சாமானா? காவேரி டப்பாவே ஒரு வண்டி வரும்." காவேரி அவர் தொடையில் கிள்ளினார். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தபடி திரும்பினார். "சும்மா இருய்யா. மனுசங்க அழுதுகினு கீறாங்க இல்ல?"

"நீ அழு மா. நான் ஒண்ணும் டிஸ்டர்ப் பண்ல."

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நாங்கள் இருவரும் நின்றபோது முனிரத்தினம் அழைத்தார். எனக்கு இந்தப் பக்கம்தான் கேட்டது. "சொல்லு சார்... இன்னா சார் இப்ப வந்து சொல்ற? சாமானெல்லாம் ஏத்தி எறக்கிட்டேனே... எத்தினி பேரு? ஒம்போதா?... வேற எதுனா கீதா சார்?... சரி. சரி சார்."

போனைச் சட்டைப் பையில் வைத்தார். "ஒம்போது பையனுங்க வந்துட்டானுங்களாம், டிகிரி. வூட்டுக்காரரு கல்யாணத்துலயே பேசி முட்ச்சிட்டாரு."

"எங்க ரூமுக்கு வேணா..." என்று ஆரம்பித்தேன்.

"ஆறு பசங்க நடுவுல என் பொண்ணயா?" என்றார். கோபம் இல்லை. வரிசையில் ஓரடி முன்னே நகர்ந்து, "உங்கண்ணி கைல சொல்லிடாத" என்றார். பாப்கார்னுக்கு வெண்ணெய் கூடப் போடச் சொன்னார், பிரவீனாவுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று.

இரண்டாம் பாதியில் அவர் குரல் வரவே இல்லை. பின்வரிசைப் பையன்கள் கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு, "அண்ணே, டவர் இல்லியா?" என்றார்கள். "புருஷோ தூங்கிட்டாருடா" என்றான் இன்னொருவன். படத்தில் அப்பா, நாம் டூர் வந்திருக்கிறோம் என்று பிள்ளைகளிடம் பொய் சொன்னபோது எங்கும் மூக்கு உறிஞ்சும் சத்தம். பிரவீனா அவர் காதருகே போய், "ப்பா, எதுனா சொல்லேன்" என்றாள். அவர் ஒரு கை பாப்கார்னை எடுத்து அவளிடம் நீட்டினார்.

நானும் அழுதேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பார்க்க முடியாமல்தான் திரையைப் பார்த்து அழுதேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கடைசியில் ஏதோ ஒரு தெருவில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு வீட்டுச் சாவியைத் தருகிறாள். தியேட்டர் முழுக்கக் கைதட்டல், விசில். என் கையும் தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் புருஷோத்தமன் தாழ்ந்த குரலில் கேட்டார்: "எங்க கீது அந்தத் தெரு?" பையன்கள் யாருக்கும் கேட்டிருக்காது. சிரிப்பதற்காகக் கேட்டதும் அல்ல.

வெளியே யூடியூப்காரன் ஒருவன் மைக்கோடு நின்றான். "கண்ணுல தண்ணி வந்துச்சு ப்ரோ", "செம ஃபீலு ப்ரோ", "ஃபேமிலியோட பாக்கலாம்" என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் காவேரியிடமும் மைக்கை நீட்டினான். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "நல்லா இருந்துச்சு. கடைசில வூடு கெட்ச்சிச்சு இல்ல? அதான் நிம்மதி."

பிறகு புருஷோத்தமனிடம் திரும்பி, கையிலிருந்த பையை லேசாகத் தூக்கிக் காட்டினார். புது வீட்டில் காய்ச்ச வாங்கிய பால் பாக்கெட் அதில் இருந்தது. "கெளம்பலாமா? வெளக்கு வெக்கிற நேரத்துக்குள்ள பால் காச்சிடலாம். திரிஞ்சிடப் போவுது."

"ரெண்டு நிமிசம். இங்கயே நில்லுங்க" என்றார்.

மாலைக் காட்சிக்கு வரிசை சேர்ந்திருந்தது. அதே படம்தான். அவர் அதன் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் டிக்கெட் கவுண்டரின் துவாரத்துக்குள் கையை விட்டு மூன்று விரல் காட்டினார்.