இருபத்தைந்து கிலோ சம்யுக்தா

பாலகுரு பிள்ளைகளிடம் வயது கேட்பதில்லை. கவுண்டருக்கு அடியில் கிடக்கும் எடைப் பொறியைக் காலால் வெளியே தள்ளுவார். பிள்ளை ஏறி நிற்கும்போதே பனியில் சறுக்கும் ஸ்கீ பலகை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தி, அதன் நுனியில் உள்ளங்கையை வைப்பார். கை மோவாய்க்குக் கீழே நின்றால் சரி. மூக்குக்கு ஏறினால் பலகை அலமாரிக்குத் திரும்பிவிடும். பெற்றவர்கள் சொல்லும் எந்த அளவையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

துபாயில் ஒரு மாலின் உள்ளே, வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொதிக்கும் நாளிலும் பனி கொட்டிக் கிடக்கும் சரிவு அது. அங்கே வாடகைக் கவுண்டரில் அவருக்கு இது ஒன்பதாவது வருடம். அருப்புக்கோட்டைக்காரர். அதற்கு முன் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலை. அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஒதுக்கி வைத்துப் பழகிய கண். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். ஒரு நாளும் அவர் பலகை மாட்டிப் பனியில் இறங்கியதில்லை. கேட்டால், "நமக்கு எதுக்கு அது? இந்த முழங்காலு ஊருக்குத் திரும்பிப் போகணும்ல" என்பார்.

அவரை மூச்சுத் திணற வைப்பவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, நம்மவர்கள்தான். பள்ளிச் சீருடையைத் தொளதொளவென்று எடுத்து, விளிம்பை மடித்துத் தைத்து, மூன்று வருடம் ஓட்டும் கூட்டம். அதே புத்தியோடு பனிக்கும் வந்துவிடுகிறது. 'வளர்ற புள்ள' என்று யாராவது ஆரம்பித்தாலே அவருக்குப் பின்மண்டை வலிக்கத் தொடங்கும்.

போன சனிக்கிழமை உமாபதி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், வங்கியில் நல்ல உத்தியோகம். கூடவே ஏழு வயது மகள் சம்யுக்தா. அவர் தோளில் சொந்தப் பலகைகள். நாட்டை விட்டுக் கிளம்பும் குடும்பம் ஒன்று வாட்ஸ்அப் குழுவில் விற்றதாம். நிமிர்த்தி வைத்தால் மகளின் தலைக்கு மேல் ஒரு சாண் நின்றது. இன்னும் பத்து நிமிடத்தில் அவளுக்கு வகுப்பு. பயிற்சியாளர் இஃப்பத்தின் கையைப் பிடிக்காமல் அவள் சரிவில் இறங்கப் போகும் முதல் நாள்.

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் கவ்வியைப் பிள்ளையின் எடைக்குத் தக்கபடி திருகித் தர வேண்டும். பொறி பத்தொன்பது கிலோ காட்டியது.

"இருபத்தஞ்சுக்கு வச்சிருங்க," என்றார் உமாபதி. "எப்படியும் அடுத்த வருஷம் வந்துருவா. திரும்பத் திரும்ப எதுக்குங்க திருகிட்டு?"

நீளப் பலகைதான் வேண்டும் என்று வாதாடிய ஆட்களைப் பாலகுரு நிறையப் பார்த்திருக்கிறார். எடைக்கும் இடம் விட்டுத் தைக்கச் சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தார்.

"சார், இது புள்ளயப் புடிச்சு வைக்க மட்டும் இல்ல, விழும்போது விடுறதுக்கு. இருபத்தஞ்சுக்கு இறுக்குனா அவ விழுவா, பலகை விடாது, முழங்காலு திருகிக்கும். அடுத்த வருஷத்து எடை இன்னைக்கு வந்து காப்பாத்தாது சார்."

மகள் மெதுவாகத்தான் போவாள், விழமாட்டாள் என்றார் உமாபதி. மேனேஜரைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டார். தாராளமாகக் கூப்பிடுங்கள் என்றார் பாலகுரு. பிறகு, உமாபதி பனியில் நிற்பதற்குக் கேட்டிருந்த பூட்ஸை எடுத்து வைத்தார். அவர் சொன்னதைவிட மூன்று அளவு பெரியது.

"போட்டுட்டு அந்தத் தூண் வரைக்கும் நடந்துட்டு வாங்க சார். உங்களுக்கும் வளர எடம் விட்டிருக்கேன்."

வீம்புக்குப் போட்டுக்கொண்டு நடந்தார். நான்காவது அடியில் தூணைக் கட்டிப் பிடித்தார்.

"அப்பா, யூ ஆர் வாக்கிங் லைக் எ பெங்குயின்," என்றாள் சம்யுக்தா.

உமாபதி பூட்ஸைக் கழற்றி, தன் நீளப் பலகைகளைச் சுவரோரம் சாய்த்தார். பாலகுரு மோவாய்க்கு அடங்கும் ஒரு ஜோடியை எடுத்து, பத்தொன்பதுக்குத் திருகி, இரண்டு தரம் சரிபார்த்துக் கொடுத்தார். முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை. படித்தவர்களே இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்ல என்று அலமாரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வரிசையில் அடுத்து நின்றவர் தொண்டையைச் செருமினார். பாலகுரு திரும்பவில்லை. கண்ணாடிக்கு அப்பால் சம்யுக்தா தனியாக இறங்கிக்கொண்டிருந்தாள். முதல் வளைவில் தப்பினாள். இரண்டாவதில் பலகைகள் குறுக்கே மாட்டிக்கொள்ள, முகம் குப்புற விழுந்தாள். இடது பலகை காலை விட்டுத் தனியே சறுக்கிப் போனது. அவள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கால்களையும் மடக்கி, மூக்கில் ஒட்டிய பனியைத் துடைத்தாள்.

கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பாலகுரு அப்போதுதான் சட்டைப் பையில் செருகினார்.