கண்ணுள்ள ஓடு, கண்ணில்லா ஓடு

தூரிகையின் நுனியை நாக்கில் தொட்டுக் கூராக்குகிறாள் ஹில்டா. நுண்ணோக்கியில் குனிந்தபடியே, அலசிக் காயவைத்த சேற்றுத் துகளிலிருந்து கடுகில் பாதிகூட இல்லாத ஓர் ஓட்டினை ஒற்றி எடுக்கிறாள். வாயெல்லாம் உப்புக் கரிக்காதா என்று கேட்டால், "பழகிப்போச்சு. எத்தினி ஆயிரம் வருசத்து உப்போ!" என்று சிரிப்பாள்.

திருவொற்றியூர் மண் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இதுதான் வேலை. எண்ணூரில் துளைபோட்டு எடுக்கும் சேற்றில், இறால் வகையறாவைச் சேர்ந்த பொடி உயிர்களின் ஓடுகள் கிடக்கும். சிலவற்றில் கண் இருந்த இடம் கண்ணாடிக் குமிழாகப் புடைத்திருக்கும். குமிழ் இருந்தால், அந்தக் காலத்துக் கடலின் அடிவரை வெயில் இறங்கியிருக்கிறது. மழுமழுவென்று இருந்தால் பெரும்பாலும் இருட்டு. இரண்டையும் தட்டில் தனித்தனிக் குழிகளில் போடுவாள். உடம்பு மக்கி எத்தனையோ காலமாகியும் அந்தக் குமிழ்கள் அவளையே முறைக்கும். "இன்னா பாக்குற?" என்று அதட்டுவாள். அந்த அறையில் தனியாக உட்கார மற்றவர்களுக்கு உதறல். அவளுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது, போன வாரம்வரை.

போன வாரம் ராயபுரத்திலிருந்து கொழுந்தன் பிராங்கிளின் வந்தான், கையில் ஊறுகாய் பாட்டில் நிறையச் சேறு. முன்பு அண்ணனும் தம்பியும் மீன்பிடிக்கப் போன படகு கவிழ்ந்தபோது தம்பி கரையேறிவிட்டான். அவள் புருஷன் அம்புரோஸின் உடல் கிடைக்கவேயில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்ற, இவர்கள் இருவரும் எங்கே ஏற்றுவதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாவம்.

"அண்ணி, நம்ம போட்டு முய்கின எடத்துல வலை வுட்டேன். அடிச்சேறு ஒட்டிகினு வந்துச்சு. அங்க வெளிச்சம் கீதான்னு பாத்துச் சொல்லு. அண்ணன் இருட்டுல கெடக்குதோ இன்னாவோன்னு தூக்கமே வர்ல."

அலசினாள், சலித்தாள், காயவைத்தாள். அந்தச் சேற்றில் பட்ட தூரிகையை நாக்கில் வைத்தவள், சட்டென்று எடுத்துவிட்டாள். ஒவ்வோர் ஓடாகப் புரட்டினாள். மாதாவே, ஒன்றிலாவது குமிழ் இருக்கக் கூடாதா! எல்லாம் மழுமழுவென்றிருந்தன. கடைசி ஓட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிராங்கிளின் மறுபடியும் வந்து வாசலில் நின்றான்.

"வெளிச்சம் கீதா, அண்ணி?"

"கீது நைனா. பட்டப்பகல் மாறி கீது. போய்த் தூங்கு."

அவன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவன் படியிறங்கிப் போனதும், அந்தக் கண்ணில்லாத ஓட்டை மெல்ல ஒற்றியெடுத்து, கண்ணுள்ளவை கிடக்கும் குழியில், அவற்றின் நடுவே கொண்டுபோய் வைத்தாள்.