மூடாத உள்ளங்கை

அவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். கை கிழிவது அந்தத் தொழிலில் சாதாரணம். கிழிந்தால் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, உடனே ஒட்டும் பசையை ஒரு சொட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். எதுவும் சட்டென்று ஆறிவிடும்.

“என் தோலு ராஜா தோலு” என்பார்.

“ராஜா சாப்பிட வந்தா பாத்திரம் கழுவலாம்” என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவரின் வலது உள்ளங்கையில்தான் தோலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்று தடித்து, மோதிர விரலை உள்ளே இழுத்துக்கொண்டது. கண்ணாடியைச் சட்டத்தில் உட்கார வைக்க உள்ளங்கை முழுக்கப் படிய வேண்டும். மடங்கிய விரலின் கணு ஒரே இடத்தில் அழுத்தி, பள்ளிக்கூட மாடியில் பெரிய கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. விரல் நிமிராவிட்டால் தொழில் இல்லை.

டாக்டரம்மா கயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

“காயம் பட்டா, அங்க இருக்கிற சாதாரண செல்லுங்க சிலது இழுக்கிற செல்லா மாறும். ரெண்டு ஓரத்தையும் இழுத்து மூடும். வேலை முடிஞ்சதும் போயிடணும். உங்க கையில போகாம இழுத்துக்கிட்டே இருக்கு. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது.”

“வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதிக் கேக்கற மாதிரி.”

“அதேதான். வெட்டி எடுத்துடலாம். ஆனா வெட்டினா அதுவும் காயம். அதை மூடவும் அதே செல்லுங்கதான் வரணும்.”

வெட்டி எடுத்தார்கள். இழுத்துத் தைத்தால் விரல் மறுபடி மடங்கும் என்று காயத்தைத் திறந்தே விட்டார்கள். மெல்லத் தானாக மூடட்டும். விரலை நிமிர்த்திப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை.

கட்டு மாற்றும்போதெல்லாம் அந்தச் சிவந்த பிளவு அவர் கண்ணை உறுத்தியது. எந்தக் காயத்தையும் அவர் இப்படி வாயைத் திறந்துகொண்டு கிடக்க விட்டதில்லை. ஒரு நாள் மனைவி குளிக்கப் போனாள். பட்டையைக் கழற்றி விரலை மடக்கினார். ஓரங்கள் அழகாகச் சேர்ந்தன. பசைக் குப்பியின் மூடியைப் பல்லால் திருகினார்.

“என்ன பண்றீங்க?”

தலையில் ஈரம் சொட்ட நின்றாள்.

“மூடிடலாம்னு…”

“யாரைக் கேட்டு? அப்புறம் கண்ணாடியை எதால அமுத்துவீங்க, என் தலையாலயா?”

“திறந்தே கெடக்குதும்மா. பாக்க முடியல.”

“நீங்க பாக்காதீங்க. நான் பாத்துக்கறேன்.”

குப்பியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். கையைத் தன் மடியில் வைத்து, விரலை மெல்ல நிமிர்த்தினாள். ஓரங்கள் விலகின. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“நிறுத்தவா?”

“வேணாம். இன்னும் கொஞ்சம் நிமித்து.”