சீழ் என்று நான் கழுவியது

கவிதா, தினேஷ், அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

மலேசியாவில், நம் மூவார் ஊரில் நான் வேலை செய்யும் நாற்காலித் தொழிற்சாலையில் ஓர் ஆணி காலணியைத் துளைத்து இடது பெருவிரலில் ஏறியது. எனக்கு வலிக்கவே இல்லை. வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்துக் கத்தியது கவிதாதான். இனிப்புநீர் (நீரிழிவு) என் இரண்டு கால்களின் உணர்ச்சியையும் எப்போதோ தின்றிருந்தது.

கிளினிக்கில் தாதி புண்ணைச் சுத்தம் செய்து, தோல் நிறத்தில் மெத்தென்ற பிளாஸ்டர் ஒன்றை ஒட்டினார்.

"மூணு நாளைக்குத் தொறக்காதீங்க அண்ணே. அப்புறம் வாங்க, நானே மாத்துறேன்."

தலையாட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாளே பிளாஸ்டருக்கு அடியில் மஞ்சளாக ஏதோ தேங்கியது. வாடையும் வந்தது. சீழ் பிடித்துவிட்டது என்று பதறி, பிய்த்து எடுத்தேன். புண் என்றால் காய வேண்டும்; எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காமாட் எண்ணெய் (கடலட்டை எண்ணெய்) போட்டேன்.

"கிளினிக் மிஸ்ஸிக்குத் (தாதிக்குத்) தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?" என்றாள் உங்கள் அம்மா.

கிளினிக்குக்கு மறுபடி போகவில்லை. தினமும் நானே கழுவினேன். எட்டாம் நாள் விரல் கறுத்திருந்தது.

மருத்துவமனையில் இளம் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அந்தப் பிளாஸ்டர் பாலிமரால் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்) ஆனதாம். புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சி, மஞ்சள் ஜெல்லியாகுமாம். அந்த ஈரத்தில்தான் புதுத் தோல் வளருமாம்.

"அப்ப நான் தேய்ச்சுக் கழுவுனது?"

"புதுத் தோலையும் சேர்த்துத்தான் அங்கிள்."

"கை வைக்காம இருந்திருந்தா விரல் தப்பிச்சிருக்குமா?"

"அத இப்ப யாராலயும் சொல்ல முடியாது. சந்தேகம்னா அன்னிக்கே வந்து காட்டியிருக்கலாம்."

விரலை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் கடற்பாசி நாரில் செய்த இன்னொரு வகைக் கட்டு. உள்ளே ஆறுகிறதா, அழுகுகிறதா, எனக்குத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. பிள்ளைகளே, அதைப்போலக் கடினமான வேலையை நான் செய்ததில்லை.

இப்போதெல்லாம் கிழமை மறந்துபோகிறது. கட்டு மாற்றி எத்தனை நாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. கால் என்னுடையதுதான், அதற்கு என்ன ஆனாலும் என்னிடம் சொல்லாது.

நேற்று நீங்கள் பள்ளிக்கும் அம்மா வேலைக்கும் போன பிறகு, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்தேன். வலது காலை அதன்மேல் தூக்கிப் பிடித்து, புண் ஏதும் உண்டா என்று உள்ளங்காலையும் ஒவ்வொரு விரலிடுக்காகவும் விரித்துப் பார்த்தேன்.